மீன்பாடி வண்டியின் வெக்கை

சென்னைக்கு வெளியே வாழும் வாசகர்களுக்கு மீன்பாடி வண்டியை முதலில் அறிமுகப்படுத்திவிட வேண்டும். முன்புறம் இரண்டு சக்கரங்கள், அவற்றின் மேல் ஒரு பலகைத் தட்டு. பின்புறம் ஒற்றைச் சக்கரம், அதன் மேல் ஓட்டுபவரின் இருக்கை. மீன் ஏற்றுவதற்காகப் ‘பாடி’ கட்டிய வண்டி என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். ஆதியில் காலால் மிதித்து ஓட்டியதுதான். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் பழைய ஸ்கூட்டர் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி, இருக்கைக்குக் கீழே வெல்டு வைத்துப் பொருத்தியிருக்கிறார். எந்தத் தொழிற்சாலையிலும் பிறக்காத, எந்த விளம்பரத்திலும் இடம்பெறாத ஒரு வாகனம் அப்படித்தான் உருவாயிற்று. காசிமேட்டிலிருந்தும் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தும் மீன் ஏற்றி வந்த அது, பின்னாளில் சிமெண்டு மூட்டை, இரும்புக் கம்பி, பீரோ, தண்ணீர் கேன் என்று நகரத்தின் எல்லாச் சுமைகளையும் ஏற்கத் தொடங்கியது.

இந்த வண்டியின் தலையாய நோய் சூடு. அதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு பீடிகை. எஞ்சினின் சூட்டைத் தணிப்பது மெக்கானிக்குகளின் விஷயம், இலக்கிய வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சாந்தோம் பக்கத்துச் சந்து ஒன்றில், என் பழைய ஸ்கூட்டரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தபோது ஒரு மீன்பாடி வண்டிக்கு நடந்த வைத்தியத்தை ஆரம்பம் முதல் முடிவுவரை பார்க்க வாய்த்தது. வெப்பம் என்பதைப் பற்றி நான் பள்ளியில் படித்தது அனைத்தும் அந்தச் சந்தில்தான் எனக்கு அர்த்தமாயிற்று.

*

வண்டிக்காரருக்கு அறுபது வயது இருக்கும். விடியலுக்கு வெகு முன்பே காசிமேட்டுக்குப் போய், மனைவி ஏலத்தில் எடுத்துத் தரும் மீனை ஐஸ் போட்ட பெட்டிகளில் அடுக்கி, சுமார் 10 கி.மீ. தூரம் கடற்கரையை ஒட்டியே தெற்கே வருவார். மயிலாப்பூரில் பாதியை இறக்கிவிட்டு மீதியை அடையாறு வரை கொண்டுபோவார். அந்தக் கோடையில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை எஞ்சின் ‘சீஸ்’ ஆகிவிட்டது. பிஸ்டன் சூட்டில் விரிந்து, சிலிண்டரின் சுவரோடு உரசிப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவதற்கு அந்தப் பெயர். ஒவ்வொரு முறையும் சிலிண்டரை லேத்துப் பட்டறைக்கு அனுப்பி போர் போட வேண்டும், அடுத்த அளவுப் பிஸ்டன் வாங்க வேண்டும். அந்த நாட்களில் மீன் ஆட்டோவில் வரும். லாபம் வாடகைக்குப் போகும்.

எஞ்சின் பஜாஜ் சேத்தக்கினுடையது. 1972இல் அறிமுகமாகி, இந்தியக் குடும்பங்களைச் சுமந்த அந்த ஸ்கூட்டரின் மூலம் இத்தாலியின் வெஸ்பா. வெஸ்பாவை 1946இல் பியாஜியோ நிறுவனத்துக்காக வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமானத் துறைப் பொறியாளர். ஹெலிகாப்டர் ஆராய்ச்சியில் பேர் பெற்றவர். மோட்டார் சைக்கிளில் எஞ்சின் திறந்தவெளியில் இருக்கிறது, ஓடும்போது எதிர்காற்றே அதைக் குளிரவைத்துவிடும். ஸ்கூட்டரிலோ எஞ்சினை உடையில் எண்ணெய் படாதபடி தகட்டுக்குள் ஒளித்துவைத்தாயிற்று. அங்கே காற்றுக்கு எங்கே போவது? எஞ்சினின் சுழல் சக்கரத்திலேயே விசிறி இதழ்களை வைத்து, அந்தக் காற்றைச் சிலிண்டரைச் சுற்றிக் கொண்டுபோக ஒரு தகர உறையையும் போட்டிருந்தார்கள். நிற்கும் வண்டிக்கும் காற்று உண்டு என்பதுதான் இதன் சிறப்பு.

மீன்பாடி வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் அமையாது என்று நினைக்கிறேன். இந்த வண்டியில் ஓட்டுநருக்கு முன்னால் தட்டு, தட்டின் மேல் ஆளுயரப் பெட்டிகள். எதிர்காற்று முழுவதையும் அவை மறித்துவிடும். மோட்டார் சைக்கிள் எஞ்சினை இருக்கைக்கடியில் வைத்தால் அது மதிற்சுவருக்குப் பின்னால் நின்று மூச்சுவிடுவது போலத்தான். ஆனால் மாற்றிக் கட்டும்போது, சேத்தக் எஞ்சினின் தகர உறையை இடம் அடைக்கிறது என்று பெரும்பாலும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். நான் பார்த்த வண்டியிலும் அதுதான் நடந்திருந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, காற்று எட்டுத் திசையிலும் சிதறிக்கொண்டிருந்தது, சிலிண்டருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

*

மெக்கானிக் முப்பது வயது இளைஞர். அதிகம் பேசாதவர். அவர் முதலில் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிளக்கின் பீங்கான் முனை ஃபில்டர் காப்பி நிறத்தில் இருந்தால் எஞ்சினின் உடல்நலம் சரி. கரியேறியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. வெளுத்த பிளக் என்றால் உள்ளே நெருப்பு வேண்டியதற்கு மேல் சூடாக எரிகிறது என்று பொருள். உள்ளே வரும் பெட்ரோல் ஆவியாகும்போது தானும் கொஞ்சம் குளிர்ச்சி தரும். அது குறைந்தால் அந்தக் குளிர்ச்சியும் குறையும். இந்த வகை எஞ்சினில் உயவு எண்ணெயும் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது, லிட்டருக்கு 20 மில்லி என்பது போல. எனவே பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. சூடும் உரசலும் கைகோத்துக்கொண்டு வரும். அந்த வண்டியின் பிளக் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கார்ப்பரேட்டர் சேரும் இடத்தில் பேக்கிங் கிழிந்து, கள்ளக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அடுத்து சைலன்சர். ஆண்டுக்கணக்கான எண்ணெய்க் கரி அதில் அடைத்திருந்தது. எரிந்த வாயு தடையில்லாமல் வெளியேறினால்தான் அதோடு வெப்பத்தின் பெரும் பங்கும் வெளியேறும். சைலன்சரை நெருப்பில் போட்டுச் சுட்டு, தட்டித் தட்டிக் கரியை உதிர்த்தார்கள்.

மூன்றாவதாக ஃபின்கள். சிலிண்டரைச் சுற்றி மெல்லிய தகடுகளாக நீட்டிக்கொண்டிருப்பவை. காற்று தொடும் பரப்பை இவைதான் பல மடங்காக்குகின்றன. ஆங்கிலத்தில் மீனின் துடுப்புக்கும் இதே பெயர்தான். அந்த ஃபின்களின் இடுக்குகளில் எண்ணெய்ப் பிசுக்கும் உப்பும், நம்புங்கள், மீன் செதில்களும் கெட்டிப்பட்டுக் கிடந்தன. மெக்கானிக் ஒரு பழைய ஹாக்ஸா பிளேடால் ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டி எடுத்தார்.

“தண்ணி ஊத்தாதண்ணே, சொல்லிட்டேன்” என்றார் வண்டிக்காரரிடம். சூடேறிய எஞ்சினின் மேல் தண்ணீர் ஊற்றுவது பலரின் பழக்கம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 2,260 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கணக்குப்படி அதைவிடப் பெரிய குளிர்ச்சி இல்லை. ஆனால் சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் உருக்குலையும், விரிசல் விடும். மேலும் 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. தெருவில் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றபோது எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவதை யாரும் பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள்.

*

புதுப்பேட்டையில் பழைய தகர உறை ஒன்று கிடைத்தது. பழைய வாகனங்களைப் பிரித்து மேய்ந்து, ஒவ்வோர் உறுப்பாகக் கடை விரித்திருக்கும் அந்தத் தெருக்களில் கிடைக்காதது இல்லை. உறையை மாட்டியாயிற்று. மெக்கானிக் எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டு, விரல் நுனியில் நீரைத் தொட்டு சிலிண்டர் தலையில் சுண்டினார். தோசைக்கல்லில் நீர் தெளித்துப் பார்க்கும் அதே சோதனை. துளி உருண்டையாகத் திரண்டு துள்ளியோடினால் கல் மிகையாகக் காய்ந்துவிட்டது. சூடு ஏறக்குறைய 200 டிகிரியைக் கடக்கும்போது துளிக்கு அடியில் ஆவிப் படலம் ஒன்று உண்டாகி, அதன் மேல் துளி மிதக்கிறது. 1756இல் இதை விவரித்து எழுதிய லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானியரின் பெயரால் இது அறிவியலில் வழங்குகிறது. நம் அடுக்களைகளுக்கு எப்போதிலிருந்து தெரியுமோ! அன்று துளி துள்ளவில்லை. சுர்ரென்று சீறி அடங்கியது. எஞ்சின் பிழைத்தது.

நான்காம் நாள் வண்டிக்காரரின் மனைவி பட்டறைக்கு வந்தார். “வண்டி நல்லா ஓடுது தம்பி. மீனுக்கு யாரு பதில் சொல்றது?” என்று கேட்டார்.

உறையிலிருந்து வெளியேறிய சூடான காற்று நேராகத் தட்டின் அடியில் போய் முட்டியிருக்கிறது. மேலே ஐஸ் பெட்டிகள். காசிமேட்டில் போட்ட ஐஸ் மயிலாப்பூர் வந்து சேர்வதற்குள் தண்ணீர். வஞ்சிரத்தின் கண் கலங்கி உள்வாங்கிவிட்டால் மயிலாப்பூரில் யார் வாங்குவார்கள்? முன்பெல்லாம் சிதறிப்போன வெப்பத்தை நாங்கள் ஒழுங்காகத் திரட்டி, ஒரே இடத்துக்கு, அதுவும் ஐஸுக்கு அனுப்பிவைத்திருந்தோம். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இத்தகைய சிறு எஞ்சின் சுமையோடு ஓடும்போது சிலிண்டர் வழியாக மட்டும் 2 கிலோவாட் அளவு வெப்பத்தைக் காற்றில் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோஜூல் போதும். அத்தனை வெப்பமும் ஐஸில் இறங்கினால் மணிக்கு 20 கிலோவுக்கு மேல் உருகிவிடும். பத்தில் ஒரு பங்கு இறங்கினாலே 2 கிலோ.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். கனடாவிலும் வட அமெரிக்காவின் பிற பனிப்பகுதிகளிலும் பனிச்சறுக்கு மோட்டார் வண்டிகள் உண்டு. கியூபெக்கைச் சேர்ந்த பொம்பார்டியே 1959இல் ஸ்கீ-டூ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. அவற்றில் ஒரு சாராருக்கு நம் சேத்தக்கைப் போலவே விசிறிதான். திரவத்தால் குளிரும் வண்டிகளிலோ சூடான திரவத்தை வண்டியின் அடிவயிற்றில் பதித்த குழாய்த் தகடுகளுக்குள் ஓடவிடுவார்கள். ஓடும் பட்டை வாரியடிக்கும் பனி அந்தத் தகடுகளில் பட்டு உருகும், எஞ்சின் குளிரும். பனி குறைந்த இறுகிய பாதையில் போனால் எஞ்சின் கொதிக்கத் தொடங்கும். அதற்காகத் தரையைக் கீறிப் பனித்தூள் கிளப்பும் கம்பிகளை மாட்டிக்கொள்வதும் உண்டு. அங்கே பனி இலவசம். எஞ்சினைக் காப்பாற்றப் பனியை உருக்கலாம். இங்கே பனிக்கட்டி காசு கொடுத்து வாங்கியது; எஞ்சினிடமிருந்து பனியைக் காப்பாற்ற வேண்டும்.

பனிக்கட்டிக்கும் இந்தக் கடற்கரைக்கும் உள்ள உறவு பழையது. வண்டிக்காரர் தினமும் கடந்து வரும் காமராஜர் சாலையில், இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் வட்டக் கட்டடம் 1842இல் ஐஸ் ஹவுஸாகக் கட்டப்பட்டது. பாஸ்டன் நகரத்து வணிகர் ஃப்ரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை வெப்பமண்டலக் கடல் தாண்டி அனுப்பிச் சேமித்த கிடங்கு அது. தோரோ வால்டன் குளக்கரையில் வாழ்ந்த காலத்தில், 1846-47 குளிர்காலத்தில், அந்தக் குளத்திலும் ஆட்கள் வந்து பனிக்கட்டி அறுத்தார்கள். அந்த நீர் மதராஸ்வாசிகளின் தாகத்தையும் தணிக்கும் என்று அவர் தம் நூலில் நினைத்துப் பார்க்கிறார். மாதக்கணக்கான அந்தப் பயணத்தில் பனிக்கட்டியைக் காத்தது மரத்தூள். பனிக்கட்டிக்கும் வெளிவெப்பத்துக்கும் இடையே அசையாத காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருப்பதுதான் மரத்தூளின் வேலை. இன்றைய தெர்மாகோல் செய்வதும் அதையேதான். மெக்கானிக் தட்டுக்கு அடியில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு ஒரு தகரத்தை மாட்டினார். பெட்டிகளுக்கடியில் தெர்மாகோல் பலகை போடச் சொன்னார். உறையின் வாயைப் பின்புறமாகத் திருப்பி வைத்தார். எஞ்சினும் பிழைத்தது, ஐஸும் பிழைத்தது.

*

பிறகு ஒரு வாரம் எந்தப் புகாரும் வரவில்லை. என் ஸ்கூட்டரை எடுக்கப் போன அன்று வண்டிக்காரரும் அங்கே இருந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். வலது கெண்டைக்காலில் தோல் கருத்து உரிந்திருந்தது. திருப்பிவைத்த காற்று இப்போது அங்கேதான் அடித்துக்கொண்டிருந்தது.

“ஏண்ணே சொல்லல?” என்றார் மெக்கானிக்.

“வண்டி நிக்காம ஓடுதுல்ல. காலுதானே தம்பி.”

அந்தப் பதிலை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எஞ்சின் கெட்டால் செலவு, மீன் கெட்டால் நட்டம்; இரண்டுக்கும் ரூபாய்க் கணக்கு உண்டு. கால் வெந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எஞ்சின் நின்று முறையிட்டது, மீனுக்காக அதன் உடைமைக்காரர் வந்து முறையிட்டார். கால் பேசவில்லை.

வெப்பத்தை அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும் என்பது பள்ளிப் பாடம். குளிரவைத்தல் என்று நாம் சொல்வதெல்லாம், வெப்பத்தை நமக்கு வேண்டாத இடத்திலிருந்து நாம் பொருட்படுத்தாத இடத்துக்கு அனுப்புவதுதான். அந்த ‘பொருட்படுத்தாத இட’த்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்பதைப் பாடப்புத்தகம் கேட்கச் சொல்லித் தரவில்லை.

எஞ்சினுக்குச் சென்னை வெயில் ஒரு பொருட்டே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிலிண்டர் தலை 200 டிகிரியில் இருக்கிறது என்றால், வெளிக்காற்று 30 டிகிரியிலிருந்து 42க்கு ஏறும்போது வெப்பம் வெளியேறும் வேகம் ஏழு சதவீதம் அளவே குறைகிறது. மனித உடலின் கதை வேறு. நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று அதைத் தாண்டிவிட்டால் வெப்பம் வெளியேறாது, உள்ளே வரும். வியர்வை ஒன்றே கதி. அந்த வியர்வையும் உலர வேண்டும்; கடலோரத்து ஈரக்காற்றில் அது உலராமல் வழிகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளிலும் எஞ்சின் ஓடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

மெக்கானிக் அன்று மாலையே உட்கார்ந்து ஓர் எண்ணெய் டின்னை வெட்டி, முப்பக்கமும் அடைத்த ஒரு மடை போலச் செய்தார். உறையின் வாயிலிருந்து கிளம்பும் காற்று அதற்குள் இறங்கி, சக்கரத்தின் இடப்புறம் தரையை நோக்கிப் போகும்படி வளைத்தார். இன்னொன்றும் செய்தார்: பின்சக்கரத்தின் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றினார். வேகம் கொஞ்சம் குறைந்தது. அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுற்றும். கூடுதலாகச் சுற்றினால் அதோடு ஒட்டிய விசிறியும் கூடுதலாகச் சுற்றும். மேல் கியரில் முக்கி முக்கி இழுக்கும்போதுதான் சுமை அதிகம், காற்று குறைவு. எனக்கு இது அன்றுவரை தோன்றியதில்லை. மெதுவாகப் போவதற்கு ஒத்துக்கொண்டதால் கிடைத்த குளிர்ச்சி அது.

*

இதைப் படித்துவிட்டு யாரும் மீன்பாடி வண்டியை ஒரு நாட்டார் கலைப்பொருளாகப் போற்றத் தொடங்கிவிடக் கூடாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு இல்லாத வாகனம் சாலைக்கு வரக்கூடாது (பிரிவு 39). தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றவும் கூடாது (பிரிவு 52). பதிவு இல்லாததால் காப்பீடும் இல்லை. இந்த வண்டி மோதி ஒருவர் காலொடிந்தால் காப்பீட்டு நிறுவனம் என்று கைகாட்ட யாருமில்லை. சைக்கிளுக்கென்று செய்த பிரேக், ஸ்கூட்டருக்கென்று செய்த வேகம். காவலர்கள் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், பிடித்த வண்டிக்குப் பதிலாக அந்த மனிதர் மறுநாள் விடியலில் எதில் மீன் ஏற்றுவார் என்ற கேள்வியும் நியாயமானதே.

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் துணிக்கடைகளுக்குப் பக்கவாட்டில் உள்ள சந்துகளில் இப்போது நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கெண்டைக்கால் நினைவுக்கு வருகிறது. குளிர்சாதனப் பெட்டிகளின் வெளிப்பக்கங்கள் அங்கே வரிசையாகச் சந்தை நோக்கி ஊதிக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்ற அந்த இயந்திரம் ஏறக்குறைய ஒரு பங்கு மின்சாரத்தைத் தின்கிறது. சந்தில் வந்து விழுவது நான்கு பங்கு. அதன் எதிரே பூக்காரரும் ஊக்கு, ரிப்பன் விற்பவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் வானத்திலிருந்து வருவதாகவே நாம் நினைத்துக்கொள்கிறோம். அதில் ஒரு பங்கு சுவரின் இந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறது.

அந்த வண்டி இப்போது இல்லை. சேத்தக்கே ஒரு சுற்று வந்துவிட்டது: பஜாஜ் 2009இன் இறுதியில் ஸ்கூட்டர் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது, 2020இல் அதே பெயரில் மின்சார ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. வண்டிக்காரரின் மகன் கடன் வாங்கி, முறையாகப் பதிவு செய்த ஒரு மின்சாரச் சரக்கு வண்டியை எடுத்திருக்கிறான். புகை இல்லை, கிக்கர் உதைக்க வேண்டியதில்லை, பிஸ்டனே இல்லாததால் சீஸ் ஆகும் பேச்சும் இல்லை. ஆனால் மின்கலமும் சூடாகும். எஞ்சினைவிடச் சூட்டுக்கு அஞ்சும் பிராணி அது. வண்டி பார்க்கப் போன இடத்தில் விற்பனையாளர் மைலேஜ், தவணை, மானியம் என்று எல்லாவற்றையும் விளக்கி முடித்தபின், அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

“இதுல சூடு எந்தப் பக்கமா வெளிய வரும்?”

விற்பனையாளருக்குப் பதில் தெரியவில்லை. கையேட்டைப் புரட்டத் தொடங்கியிருக்கிறார்.